குங்கிலியத்திற்குச் சாட்சி யார்?

"முன்னோர் கண்டதை இன்றைய ஆய்வுக்கூடம் மெய்ப்பித்துவிட்டது" என்னும் வாக்கியம் தமிழ்க் கட்டுரைகளிலும் மேடைகளிலும் பழகிப்போன ஒன்று. கேட்பதற்கு இனியது, கைதட்டலைத் தப்பாது பெறுவது. ஆயினும் ஒரு வாக்கியம் இனிதாயிருப்பது வேறு, உண்மையாயிருப்பது வேறு. மெய்ப்பித்தது எது, எதனை மெய்ப்பித்தது, எவ்வளவு மெய்ப்பித்தது என்று வினவாமல் அதனை வழிமொழிவது புலமைக்கு அழகன்று.

இவ்வாக்கியம் அடிக்கடி ஒட்டப்படும் பொருள்களுள் ஒன்று குங்குலு என்னும் மரப்பிசின். இரத்தக் குழாயில் கொழுப்புப் படிந்து அடைக்கும் நோய்க்குப் பண்டை மருத்துவர் அதனை அறிந்திருந்தனர் என்பர். 2002ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் உயிரணுக்களில் அதன் செயலைக் கண்டுபிடித்தனர் என்பர். ஆகவே வழக்கு முடிந்தது என்பர். வழக்கு முடிந்ததா, அன்றி ஒரு சாட்சியை மட்டும் விசாரித்துவிட்டு நீதிமன்றம் கலைந்துவிட்டதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இது வெறும் ஏட்டு வழக்கன்று. 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் மூவரில் ஒருவருக்கு இரத்தத்தில் கொலஸ்டரால் மிகுதி. அம்பாங்கானைச் சுற்றிய தோட்டங்களில் பால் வெட்டிப் பிழைத்த குடும்பங்களும், சிரம்பான் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த அவர்தம் மக்களும் இக்கணக்கிற்குப் புறம்பானவர் அல்லர். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை ஒருவர் அலமாரியில் ஒதுக்கிவைத்து, கட்டுரையிற் படித்த பிசினைத் தேடிப் போவாராயின், இழப்பு அவருக்கே, கட்டுரையாளருக்கு இல்லை. எனவே கட்டுரையாளன் தன் சொல்லை எடைபோட்டே எழுதக் கடமைப்பட்டவன்.

பெயரில் தொடங்கும் ஐயம்

முதலில், குங்கிலியம் என்பது யாது? தமிழில் அப்பெயர் ஒரு மரத்தின் பிசினுக்கு மட்டும் உரியதன்று. புகைப்பதற்குரிய பல பிசின்களுக்கு அது பொதுப்பெயர். சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய குங்கிலியக்கலய நாயனார், மனைவியின் தாலியைக் கொடுத்து வாங்கியது திருக்கடவூர் இறைவனுக்குப் புகைக்கும் குங்கிலியத்தை; மருந்துக் குங்கிலியத்தை அன்று. ஆய்வுக்கூடத்திற்குச் சென்றது எருமைக்கண் குங்கிலியம் எனவும் மகிசாட்சிக் குங்கிலியம் எனவும் வேறு பிரித்துச் சொல்லப்படும் குங்குலு. அதன் மரம் குசராத்து, இராசத்தான் ஆகிய வறண்ட நிலங்களுக்கு உரியது. பிசினுக்காகப் பட்டையை ஆழக் கீறிக் கீறி மரங்கள் பட்டுப்போனமையால், இன்று அழிவின் விளிம்பில் உள்ள செடியினங்களுள் ஒன்றாக அது வைக்கப்பட்டுள்ளது. பட்டையைக் காயப்படுத்தாமல் பால் எடுக்கும் பக்குவத்தைப் பால்வெட்டுத் தொழிலாளிக்கு விளக்க வேண்டியதில்லை. கைம்மிஞ்சிய வெட்டு மரத்தின் ஆயுளை உண்ணும் என்பதை அவர் அறிவார்.

ஆகவே கடையில் 'குங்கிலியம்' என்று கேட்டு வாங்கும் பொருளும் ஆய்வு செய்யப்பட்ட பொருளும் ஒன்றே என்பதற்கு உறுதி இல்லை. சொல் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்று என்று கொள்வது உரையாசிரியர் செய்யாத பிழை. அறிவியற் கட்டுரை எழுதுவோர் மட்டும் அதனைச் செய்யலாகுமோ?

நூல் சொன்னதும் சொல்லாததும்

1966ஆம் ஆண்டில் பனாரசு இந்துப் பல்கலைக்கழகத்தில் சத்தியவதி என்னும் ஆராய்ச்சியாளர் குங்குலு பற்றிய தம் ஆய்வேட்டை அளித்தார். பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் இவரே. அவருக்குத் தூண்டுகோலாயிருந்தது சுசுருத சங்கிதையில் மேதோரோகம் என்னும் கொழுப்பு நோயைப் பற்றிய பகுதி. மிகுதியாக உண்பதும் உடலுழைப்பின்றி இருப்பதும் கொழுப்பைப் பெருக்கும். பெருகிய கொழுப்பு உடலின் வழிகளை அடைக்கும். அதனால் வேறு நோய்கள் தோன்றும் என்பது அப்பகுதியின் கருத்து. இது இரத்தக் குழாய் அடைப்பைப் பற்றி இக்காலத்தார் கூறுவதனோடு ஒத்திருப்பதைக் கண்ட சத்தியவதி, அந்நோய்க்குச் சொல்லப்பட்ட குங்குலுவை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். கொலஸ்டரால் ஊட்டிய முயல்களின் இரத்தத்தில் அதன் அளவு குறைந்தது.

ஈண்டு இரண்டு செய்திகளைப் பிரித்தறிய வேண்டும். நூல் கூறும் 'வழி' என்பது இருதயத்திற்குக் குருதி கொண்டு செல்லும் குழாயையே குறிக்கும் என்பதற்கு நூலிற் சான்று இல்லை. கொலஸ்டரால் என்னும் பொருளை நூல் அறியாது, அறிந்திருக்கவும் வேண்டியதில்லை. ஒப்புமையைக் கண்டவர் சத்தியவதி; அவ்வொப்புமை ஆராய்ச்சிக்குரிய ஊகம். அவர் ஊகத்தை முடிவென்று அறிவிக்கவில்லை, முயற்கூண்டிற்குச் சென்றார். பழைய நூலுக்கு அவர் செய்த மரியாதை அதுவே. நூலின் ஒரு குறிப்பைச் சோதிக்கத்தக்கதாக மதித்தார். பின்வந்தோரோ சோதனையை விட்டுவிட்டு ஒப்புமையை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

தட்டில் வாழும் உயிரணு

ஆய்வுக்கூட உயிரணு என்பது என்ன சாட்சி சொல்ல வல்லது என்று அறிய வேண்டுமாயின், நோயின் போக்கைச் சற்றே அறிதல் வேண்டும். இரத்தத்தில் மிதக்கும் எல்.டி.எல். என்னும் கொழுப்புத் துகள்கள் குழாயின் உட்சுவரைக் கடந்து உள்ளே தங்குகின்றன. அங்கே உருமாறிய துகள்களை விழுங்குதற்கு வெள்ளணுக்கள் வருகின்றன. விழுங்கி விழுங்கிக் கொழுப்பால் நிறைந்த அவை நுரைபோலத் தோன்றுவதால் நுரையணு எனப்படும். நுரையணுக்கள் மடிந்து குவிய, தசையணுக்கள் அதன்மேல் மூடியிட, பல்லாண்டுகளில் ஒரு மேடு எழுகிறது. மேடு வெடித்துக் குருதி உறையும் நாளில் மாரடைப்பு நேர்கிறது.

உயிருள்ள மனிதனின் இருதயக் குழாயைத் திறந்துவைத்து ஆயிரம் மருந்துகளைச் சோதிக்க முடியாது. ஆதலின் ஆய்வாளர் இந்நாடகத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்து, ஒவ்வொரு காட்சிக்கும் ஓர் உயிரணுவைத் தட்டில் வளர்த்தனர். பிள்ளைப்பேற்றின்பின் எறியப்படும் தொப்புள்கொடியின் குழாயிலிருந்து உட்சுவர் அணுக்களை எடுத்து வளர்க்கும் முறை 1973இல் வெளியாயிற்று. ஜப்பானில் வெண்குருதிப் புற்றுநோயுற்ற ஒரு வயதுக் குழந்தையின் இரத்தத்திலிருந்து பெற்ற அணுவழி 1980இல் அறிவிக்கப்பட்டது. நுரையணுவைத் தட்டிலே உண்டாக்குதற்கு உலகெங்கும் இன்றும் பயன்படுவது அதுவே. கொலஸ்டராலை ஆக்குவதும் அகற்றுவதும் கல்லீரலின் தொழிலாதலின் கல்லீரல் அணுக்களும் வேண்டப்பட்டன.

இம்முறையின் பெருமையைக் குறைத்துப் பேசுவது அறியாமை. அமெரிக்காவின் டல்லாசு நகரில் பிரவுன், கோல்டுசுட்டைன் என்னும் இருவர், பிறவியிலேயே கொலஸ்டரால் மிகும் குடும்ப நோயுடையாரின் தோலணுக்களைத் தட்டில் வளர்த்தனர். நலமுள்ளவரின் தோலணுவுக்கு எல்.டி.எல். துகளை ஊட்டினால், அது தானே கொலஸ்டரால் ஆக்குவதைக் குறைத்துக்கொண்டது. நோயாளியின் அணு குறைக்கவே இல்லை. துகளை உள்ளே வாங்கும் 'ஏற்பி' அவ்வணுவில் பழுதுபட்டிருந்தது. தோலைத் துருவியெடுத்த சிறு துணுக்கு, இருதய நோயின் காரணம் ஒன்றைச் சொல்லிவிட்டது. 1985இல் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர்.

ஆனால் அதே காலத்தில் டோக்கியோவில் நடந்த ஒரு நிகழ்ச்சி, ஆய்வுக்கூடச் சான்றின் எல்லையையும் காட்டியது. சாங்கியோ என்னும் மருந்து நிறுவனத்தில் அகிரா எண்டோ 1971இல் தொடங்கி ஏறத்தாழ ஆறாயிரம் நுண்ணுயிர் வகைகளைத் துழாவினார். கொலஸ்டராலை ஆக்கும் நொதியைத் தடுக்கும் பொருள் ஒன்றை நீலப் பூஞ்சையில் 1973இல் கண்டார். எலியின் கல்லீரற் சாற்றில் அப்பொருள் நொதியைச் செவ்வனே தடுத்தது. ஆனால் உயிருள்ள எலிக்கு ஊட்டியபோது கொலஸ்டரால் குறையவில்லை. எலியின் கல்லீரல், தடைபட்ட நொதியை மேலும் மேலும் ஆக்கி ஈடுசெய்துகொண்டது. நாள்தோறும் முட்டையிடும் கோழி மஞ்சட்கருவுக்காக மிகுந்த கொலஸ்டராலை ஆக்குவது. அதனிடம் சோதிக்கலாம் என எண்ணினார். கோழியில் குறைந்தது, பின்னர் நாயிலும் குறைந்தது. ஸ்டேட்டின் என இன்று வழங்கும் மருந்தினம் இவ்வாறு பிழைத்தது. அவ்வினத்து மருந்தொன்று 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. 2024இல் மறைந்த எண்டோவுக்கு நோபெல் பரிசு கிட்டவில்லை.

சாற்றில் வென்றது எலியில் தோற்றது. எலியில் தோற்றது கோழியில் வென்றது. இச்செய்தியை மனத்திற் கொண்டு குங்குலுவின் கதைக்குத் திரும்புதல் தகும்.

இரண்டு மருந்துகள், ஒரே ஆண்டுகள்

லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் குங்குலுவிலிருந்து பிரித்தெடுத்த சாறு, குகுலிப்பிட் என்னும் பெயரில் 1987இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. ஸ்டேட்டின் அமெரிக்கச் சந்தைக்கு வந்த அதே ஆண்டு அது. இரண்டும் ஒரே வாயிலில் நின்றவை. பின்னர் அவை நடந்த தொலைவில்தான் வேறுபாடு.

1994ஆம் ஆண்டை நோக்குக. அவ்வாண்டில் வெளியான இந்திய ஆய்வொன்றில் 61 நோயாளிகள் 24 வாரம் கவனிக்கப்பட்டனர். குகுலிப்பிட் உண்டவர்க்கு எல்.டி.எல். அளவு ஏறத்தாழ 12 விழுக்காடு குறைந்தது. மதிக்கத்தக்க தொடக்கம். அதே ஆண்டில் வெளியான ஸ்காண்டிநேவிய நாடுகளின் ஸ்டேட்டின் ஆய்வில் பங்குகொண்ட இருதய நோயாளிகள் 4,444 பேர். காலம் ஐந்தாண்டுக்கு மேல். அதில் எண்ணப்பட்டது இரத்த அளவு மட்டுமன்று, இறப்பும் எண்ணப்பட்டது. மருந்துபோன்ற வெறும் மாத்திரை உண்டோரில் 256 பேர் இறந்தனர். ஸ்டேட்டின் உண்டோரில் 182 பேர் இறந்தனர். இரத்தத்தில் ஓர் எண் குறைந்தது என்பதற்கும், 74 வீடுகளில் சாவு தள்ளிப்போயிற்று என்பதற்கும் உள்ள தொலைவு சிறிதன்று.

2002இன் சாட்சி

இந்நிலையில், 2002இல் ஹூஸ்டன் நகர ஆய்வாளர் உள்ளிட்ட குழுவினர் அறிவியல் இதழொன்றில் கட்டுரை வெளியிட்டனர். பித்த அமிலத்தை உணரும் ஏற்பி ஒன்று கல்லீரலில் உண்டு. குங்குலுவின் சத்தாகிய குகுல்ஸ்டீரோன் அவ்வேற்பியின் வேலையைத் தடுக்கிறது என்பதை வளர்ப்பணுக்களில் அவர்கள் காட்டினர். கொலஸ்டரால் மிகுந்த தீனி உண்ட எலிகளின் கல்லீரலில் கொலஸ்டராலை அது குறைத்தது. அவ்வேற்பி இல்லாது பிறப்பிக்கப்பட்ட எலிகளில் குறைக்கவில்லை. நேர்த்தியான ஆய்வு; ஐயத்திற்கு இடமின்றி எழுதப்பட்டது.

குறை ஆய்வில் இல்லை. அதனைப் படித்தோரிடம் உள்ளது. 'கல்லீரலில் குறைந்தது' என்றது மூலம். 'இரத்தக் குழாய் அடைப்பு நீங்கும்' என்றனர் எடுத்தாண்டோர். 'எலியில்' என்றது மூலம். அச்சொல் மேடைக்கு வருமுன் உதிர்ந்துவிட்டது. ஒரு செயல் எவ்வழியாக நிகழக்கூடும் என்று விளக்குவது வேறு. அச்செயல் மனிதனிடம் நிகழ்கிறது என்று நிறுவுவது வேறு. உயிரணு சொன்னது முன்னது மட்டுமே.

2003இன் சாட்சி

மறு ஆண்டு, 2003இல், பிலடெல்பியாவில் மனிதரைக் கொண்டு செய்த ஆய்வு வெளியாயிற்று. கொலஸ்டரால் மிகுந்த 103 பேர்; எட்டு வாரம்; சிலர்க்குக் குகுலிப்பிட் சிற்றளவில், சிலர்க்குப் பேரளவில், சிலர்க்கு வெறும் மாத்திரை. யார் எதனை உண்டனர் என்பது மருத்துவர்க்கும் தெரியாது, உண்டவர்க்கும் தெரியாது. வெறும் மாத்திரை உண்டோர்க்கு எல்.டி.எல். ஐந்து விழுக்காடு குறைந்தது. குகுலிப்பிட் உண்டோர்க்கு நான்கைந்து விழுக்காடு கூடியது. சிலர்க்குத் தோலில் தடிப்பும் தோன்றியது. 2009இல் நார்வேயில் 43 பேரிடம் செய்த சிற்றாய்வில் மொத்தக் கொலஸ்டரால் சற்றுக் குறைந்தது, எல்.டி.எல். குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை.

உயிரணு பொய் சொல்லிற்றா? இல்லை. கேட்ட கேள்விக்கு அது விடை சொன்னது. குகுல்ஸ்டீரோன் ஒரே பூட்டுக்குரிய சாவியன்று என்பது பின்வந்த ஆய்வுகளால் தெரிந்தது. வேறு பல ஏற்பிகளையும் அது தொடுகிறது. அவற்றுள் ஒன்று, உடலுக்கு அயலான மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிடுவது. இதன் பொருள் எளியது: பிசினை உண்பவர் வேறு மருந்தும் உண்பாராயின், அம்மருந்து உரிய அளவில் இரத்தத்தில் நில்லாமற் போகலாம். நெஞ்சுவலிக்கும் இரத்த அழுத்தத்திற்கும் தரப்படும் இரண்டு மருந்துகளின் அளவைக் குகுலிப்பிட் குறைத்தது என்று 1994இலேயே இந்தியாவில் கண்டறியப்பட்டது. 'மூலிகைதானே, நன்மை செய்யாவிடினும் தீமை செய்யாது' என்போர் இதனை நன்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மறுப்பும் விடையும்

அமெரிக்கர் உணவு வேறு, இந்தியர் உணவு வேறு, உடல்வாகும் வேறு, ஆதலின் பிலடெல்பியாவின் முடிவு ஏனையோர்க்குப் பொருந்தாது எனச் சிலர் மறுக்கலாம். இம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின் அதன் பயன், இந்தியரிடமும் மலேசியத் தமிழரிடமும் பெருந்தொகையில் ஆய்வு செய்து பார்க்க வேண்டும் என்பதே. 2003இன் மனிதர் அயலார் எனத் தள்ளிவிட்டு, 2002இன் எலியை உறவினராக ஏற்றுக்கொள்வது எந்த நியாயம்?

மேனாட்டு மருந்துக்கு ஒரு நீதி, நாட்டு மருந்துக்கு ஒரு நீதி என்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்.டி.எல். அளவை உயர்த்தும் டார்செட்ரபிப் என்னும் மருந்தைப் பைசர் நிறுவனம் பெரும்பொருள் செலவிட்டு ஆக்கியது. எச்.டி.எல். உயர்ந்தது; எண்ணிய எண் கிடைத்தது. ஆனால் ஏறத்தாழ பதினையாயிரம் பேரிடம் சோதித்தபோது, மருந்து உண்டோரிடை இறப்பு மிகுந்தது. 2006இல் அது கைவிடப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் தேறி மனிதனிடம் தோற்ற மருந்துகளுள் பெரும்பாலானவை மேனாட்டினவே. குங்குலுவுக்குத் தனியாக இழைத்த அநீதி எதுவும் இல்லை.

இம்மண்ணில் வாழ்வோர்க்கு இது புதிய முறையும் அன்று. 1925இல் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், ஒரு புதிய ரகத்தை நாற்றங்காலில் நன்றாக வளர்ந்தது என்பதற்காக நாடெங்கும் நடச் சொன்னதில்லை. சிறு நிலத்தில் ஆண்டுக்கணக்காகப் பால் அளந்து, பின் பெருநிலத்தில் காற்றையும் மழையையும் நோயையும் தாங்கக் கண்டு, அதன் பின்னரே தோட்டங்களுக்குப் பரிந்துரைத்தது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் ரகம் பெயர்பெற்றது இவ்வழியில்தான். நாற்றங்காலை எவரும் பழிப்பதில்லை. அதனைத் தோட்டம் என்றும் எவரும் சொல்வதில்லை. தட்டில் வாழும் உயிரணு மருந்தின் நாற்றங்கால்.

எழுதுவோர் கேட்க வேண்டியவை

தமிழில் அறிவியற் செய்தி எழுதுவோரும் வகுப்பில் எடுத்துச் சொல்வோரும் நான்கு வினாக்களைக் கைக்கொண்டால் போதும். சோதித்த பொருளும் பெயர் சொல்லும் பொருளும் ஒன்றா? சோதனை நடந்தது தட்டிலா, விலங்கிலா, மனிதரிடமா? அளந்தது ஓர் எண்ணையா, நோயையா, உயிரையா? பின்வந்த ஆய்வு முன்னதை உறுதி செய்ததா, மறுத்ததா? இவை மருத்துவம் கற்றோர்க்கே உரிய வினாக்கள் அல்ல. பாடவேறுபாடு ஒப்புநோக்கவும், இடைச்செருகல் காணவும், உரைக்கு உரை முரண்பட்டால் மூலத்தைத் தேடவும் பயின்ற தமிழாசிரியர்க்கு இவை கைவந்த கலையே.

பழைய நூலுக்கு ஆய்வுக்கூடச் சான்றிதழ் தேடி அலைவது, நூலை உயர்த்துவதாகத் தோன்றினும் உண்மையில் அதனைத் தாழ்த்துவதே. சான்றிதழ் கொடுத்தவன் மறு ஆண்டு அதனைத் திரும்பப் பெற்றால் நூல் என்னாவது? மிகுதியாக உண்ணாமையும் உடலுழைப்பும் நலம் தரும் என்று சுசுருதர் கருதியதற்கு எந்த உயிரணுவின் பரிந்துரையும் தேவையில்லை. அதனை மறுத்த ஆய்வும் இல்லை. பிசினைப் பாராட்டுவோர் அப்பகுதியை மட்டும் படிக்காது விடுவதுதான் வியப்பு.

ஆகவே, தொடக்கத்திற் கண்ட வாக்கியத்தைத் திருத்தி எழுதின் இவ்வாறு அமையும்: பழைய நூலின் ஒரு குறிப்பு ஓர் ஆராய்ச்சியாளரைச் சிந்திக்கச் செய்தது, முயலில் பயன் தெரிந்தது, உயிரணுவில் ஒரு வழி தெரிந்தது, மனிதரிடம் அப்பயன் உறுதிப்படவில்லை, மருத்துவர் தந்த மாத்திரையை அதற்காக நிறுத்துவதற்கு இடமில்லை. இவ்வாக்கியம் நீளமானது, மேடையில் கைதட்டல் பெறாது. எனினும் இதனைக் கேட்டு வீடு திரும்புபவர், அலமாரியில் உள்ள மாத்திரையை அன்றிரவு மறவாமல் உண்பார்.